தலை ஏன் வெட்டுப்பட்டது? போன் கேமராவும் ஃபிரேமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோ பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துத் தருவது என் தொழில். ஸ்டுடியோவாகத் தொடங்கிய கடை. இப்போது வருகிற வேலையில் முக்கால்வாசி, யாரோ வீட்டில் போனில் எடுத்த படம்தான். கவுண்டரில் நின்று படத்தைத் திறக்கும்போதே கேள்வியும் வந்துவிடும். தலை ஏன் போச்சு, முகம் ஏன் அகலமாச்சு, கோபுரம் ஏன் சாயுது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நிறம், வெளிச்சம் எல்லாம் வேறு கதை. இங்கே கட்டத்துக்குள் எது வருகிறது, எது வெளியே போகிறது என்பது மட்டும். செட்டிங்ஸில் உள்ள பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்களை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

1. "கேமராவுல முதல்ல எதை மாத்தணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

கோடு போடுங்கள். 'கிரிட்' என்று இருக்கும். ஐபோனில் போனின் செட்டிங்ஸுக்குள் போய், கேமரா என்ற பகுதியில் கிரிட்டை ஆன் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் கேமராவைத் திறந்து, அதற்குள்ளேயே இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தட்டினால் 'கிரிட் லைன்ஸ்' அல்லது 'கிரிட் டைப்' என்று கிடைக்கும். திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு மெல்லிய கோடுகள் வரும்.

ஐபோனில் கிரிட்டுக்குப் பக்கத்திலேயே 'லெவல்' என்று ஒன்று உண்டு. 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் அது தனி சுவிட்ச். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரிதான். போன் சாய்ந்திருந்தால் நடுவில் உடைந்த கோடு தெரியும், நேரானதும் ஒன்றுசேர்ந்து மஞ்சளாகும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இது இருக்கிறது. இரண்டையும் இன்றே ஆன் செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2. "அந்தக் கோடு போட்டோவுல விழுந்துடாதா?"

விழாது. திரையில் மட்டும்தான்.

3. "ஒன்பது கட்டம் தெரியுது. ஆளை எந்தக் கட்டத்துல நிறுத்துறது?"

கட்டத்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். படத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளின் மேல் வைக்க வேண்டும் என்பது பழைய ஓவியர் பாடம். இதற்கு 'மூன்றில் ஒன்று விதி' என்று பெயர் வைத்து முதலில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், 1797இல். புகைப்படக் கலை பிறப்பதற்கும் முன்னால்!

என் அனுபவத்தில் இந்த விதி ஒரு இடத்தில் கட்டாயம் உதவும். ஆளை எடுக்கும்போது அவர் கண் மேல் கோட்டின் பக்கம் வரட்டும். கடைக்கு வரும் படங்களில் பாதியில் முகம் சரியாக நடுமத்தியில் இருக்கும். தலைக்கு மேலே சீலிங் ஃபேனும், டியூப்லைட்டும், போன வருஷக் காலண்டரும். கீழே பார்த்தால் பட்டுப்புடவையின் கரை வெட்டுப்பட்டிருக்கும். நம் கை தானாகவே முகத்தை நடுவில் வைக்கும். கோடு அதைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

மற்றபடி இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாமி படம், கோலம், மணமேடையில் நிற்கும் ஜோடி இதெல்லாம் நடுவில் இருந்தால்தான் அழகு. கடற்கரை, வயல் என்றால் அடிவானம் நடுவில் படத்தை இரண்டாக அறுக்காமல் மேல் கோட்டிலோ கீழ்க் கோட்டிலோ இருக்கட்டும். வானம் நன்றாக இருந்தால் கீழ்க் கோட்டில், தரை நன்றாக இருந்தால் மேல் கோட்டில்.

4. "3:4, 9:16, 1:1, ஃபுல்னு நாலு இருக்கு. எதுல எடுக்கணும் அண்ணே?"

3:4. கண்ணை மூடிக்கொண்டு அதையே வையுங்கள். (சில போன்களில் 4:3 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.)

போனுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் பெரும்பாலும் 4:3 வடிவத்தில்தான் இருக்கிறது. மற்ற மூன்றும் அதிலிருந்து வெட்டி எடுப்பவை. 12 மெகாபிக்சல் படம் என்றால் 4032க்கு 3024 புள்ளிகள் (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி). அதையே 9:16இல் எடுத்தால் 4032க்கு 2268. அதாவது சுமார் 9 மெகாபிக்சல். சதுரம் எடுத்தாலும் 3024க்கு 3024, அதே 9தான். நாலில் ஒரு பங்கைப் படம் எடுக்கும் முன்பே தூக்கிப் போட்டாயிற்று. 3:4இல் எடுத்த படத்திலிருந்து சதுரமோ, ஸ்டேட்டஸுக்கான நீளப் படமோ எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். திருப்பி ஒட்ட முடியாது.

5. "ஃபுல்லுல எடுத்தா திரை முழுக்கப் பெருசா தெரியுதே? அதுலதானே நிறைய வரும்?"

பெயர்தான் அப்படி ஏமாற்றுகிறது. 'ஃபுல்' என்றால் உங்கள் திரை முழுக்க நிரப்புவது. படம் முழுக்க வருவது என்று பொருள் இல்லை. இன்றைய போன் திரைகள் ஒல்லியாக, நீளமாக இருக்கின்றன, பல போன்களில் 20:9. அகலமான படத்தை அந்த ஒல்லித் திரைக்கு ஏற்ப இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டுத்தான் 'ஃபுல்' என்று காட்டுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரே இடத்தில் நின்று வாசல் கதவை 3:4இல் ஒன்று, ஃபுல்லில் ஒன்று எடுத்துப் பாருங்கள். மேலும் கீழும் அதேதான் இருக்கும், பக்கத்துச் சுவர் இரண்டும் காணாமல் போயிருக்கும்.

6. "போன்ல முழுசா இருந்துச்சு. பிரிண்ட்ல அம்மா கால் காணோம். நீங்கதானே வெட்டுனீங்க?"

வெட்டியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டாமல் போட வழி இல்லாத படமாக அது வந்தது. நாங்கள் மேக்ஸி என்று சொல்லும் 4க்கு 6 அங்குலத் தாள் 2:3 வடிவம். போன் படம் அந்த வடிவம் இல்லை. எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். நெடுக்காக 3:4இல் எடுத்த படத்தை 6 அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கினால் அகலம் நாலரை அங்குலம் வரும். பக்கத்துக்குக் கால் அங்குலம் போகும், தலையும் காலும் தப்பிக்கும். குறுக்காக எடுத்த 4:3 படத்தில் அந்தக் கால் அங்குலம் மேலும் கீழும் போகும். 9:16இல் எடுத்திருந்தால் 4 அங்குல அகலத்துக்கு 7 அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே உயரம் வரும். ஓர் அங்குலத்துக்கு மேல் தலைப் பக்கமோ கால் பக்கமோ போயே தீரும். 20:9 ஃபுல்லில் எடுத்தால் கிட்டத்தட்ட 9 அங்குலம், அதில் 3 அங்குலம் குப்பைக்கு. அம்மாவின் கால் போனது அப்படித்தான்.

வெட்டவே கூடாது என்றால் பக்கத்தில் வெள்ளை விட்டுப் போடச் சொல்லுங்கள், போட்டுத் தருவோம். பலருக்கு அது பிடிப்பதில்லை. "ஓரம் வெள்ளையா இருக்கே, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டவர்கள் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு அறுபதாம் கல்யாணப் படத்தைக் கேட்காமல் 12க்கு 18 போட்டு, சட்டமும் அடித்துவிட்டேன். ஓரத்தில் நின்ற மாமாவில் பாதி இல்லை. அந்தச் சட்டம் இன்னும் கடையில்தான் இருக்கிறது. இப்போது வெட்டும் இடத்தைத் திரையில் காட்டிவிட்டுத்தான் பிரிண்ட் கொடுக்கிறேன். நீங்களும் எந்தக் கடையிலும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

7. "அப்போ எவ்வளவு இடம் விட்டு எடுக்கணும்?"

திரையில் பார்க்கும்போது தலைக்கு மேலும், காலுக்குக் கீழும், இரண்டு பக்கமும் உங்கள் கட்டை விரல் அகலம் காலியாக இருக்கட்டும். அழகுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் தோன்றும், பரவாயில்லை. சட்டம் போடுவதாக இருந்தால் மர விளிம்பும் சுற்றிலும் சில மில்லிமீட்டரை மறைக்கும். கான்வாஸில் அடித்து ஓரத்தை மடிக்கிற மாதிரி கேட்டால் இன்னும் தாராளமாக விட வேண்டும். மடிப்புக்கே ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும்.

8. "குறுக்கா பிடிக்கிறதா, நெடுக்கா பிடிக்கிறதா?"

நாலு பேருக்கு மேல் நின்றால் குறுக்கு. ஒருவர், இருவர் என்றால் நெடுக்கு. சந்தேகமாக இருந்தால் இரண்டும் எடுங்கள், பிலிம் செலவா ஆகிறது?

9. "ஸ்டேஜ்ல குரூப் எடுத்தா ஓரத்துல நிக்கிறவங்க மட்டும் குண்டாத் தெரியிறாங்க. என் நாத்தனார் சண்டைக்கே வந்துட்டா."

0.5× அல்லது 0.6× அழுத்தி எடுத்திருப்பீர்கள். அது அல்ட்ரா வைட், அதாவது ரொம்ப அகலமாகப் பிடிக்கும் லென்ஸ். பழைய பிலிம் கேமரா கணக்கில் அது சுமார் 13 மில்லிமீட்டர். சாதாரண 1× லென்ஸ் 24 முதல் 26 வரை. இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலும். அவ்வளவு அகலமான காட்சியைத் தட்டையான படத்தில் அடைக்கும்போது ஓரத்தில் இருப்பது வெளிப்பக்கமாக இழுபடும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஓரத்தில் நிற்பவரின் தோளும் கன்னமும் அகலும். நாத்தனார் கோபம் நியாயமானது.

செட்டிங்ஸில் 'லென்ஸ் கரெக்‌ஷன்' அல்லது 'ஷேப் கரெக்‌ஷன்' மாதிரி ஒன்று இருந்தால் ஆனில் வையுங்கள். வளைந்த தூணை அது நேராக்கும். ஓரத்து ஆளை ஒல்லியாக்கும் என்று மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சரியான வழி, 1×க்குத் திரும்பி, மேடையிலிருந்து இறங்கி நாலு எட்டுப் பின்னால் போவது. அங்கே நாற்காலி வரிசை தடுத்தால் ஆட்களை இரண்டு வரிசையாக நிறுத்துங்கள், குழந்தைகளைத் தரையில் உட்காரவையுங்கள். அதற்கும் இடமில்லை, 0.5×தான் வழி என்றால் இரண்டு ஓரத்திலும் ஓர் ஆள் அகலம் காலியாக விட்டு எடுத்து அப்புறம் வெட்டுங்கள்.

10. "செல்ஃபியில மூக்கு பெருசாத் தெரியுது. லென்ஸ் கோளாறா, இல்ல என் மூக்கே அப்படியா?"

இரண்டும் இல்லை, தூரம். முகத்துக்கு 30 சென்டிமீட்டரில் போன் இருக்கிறது என்று வையுங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே தோராயமாக 12 சென்டிமீட்டர். அப்படியானால் மூக்கு 30இல், காது 42இல். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெருத்துத் தெரியும். அதே ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்தினால் அந்த வித்தியாசம் வெறும் 8 சதவீதம்.

அதனால் ஒருவரின் முகத்தை எடுக்கும்போது கிட்டே போகாதீர்கள். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2× அழுத்துங்கள். வரனுக்குக் கொடுக்க, விண்ணப்பத்துக்கு ஒட்ட என்று கேட்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். செல்ஃபிதான் வேண்டும் என்றால் கையை முழுக்க நீட்டி எடுத்து, சுற்றியுள்ளதை வெட்டிவிடுங்கள்.

11. "ஜூம் பண்ணா படம் கெட்டுப்போகும்னு சொன்னாங்க. நீங்க 2× அழுத்தச் சொல்றீங்களே?"

திரையில் வட்டமாக எழுதியிருக்கும் எண்களை அழுத்துவது வேறு, இரண்டு விரலால் விரித்து 1.7×, 4.3× என்று போவது வேறு. அந்த எண்கள் பெரும்பாலும் ஒரு தனி லென்ஸைக் குறிக்கும். அல்லது பெரிய சென்சாரின் நடுப்பகுதியை அப்படியே எடுப்பதைக் குறிக்கும். 2022இல் வந்த ஐபோன் 14 ப்ரோ தன் 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியிலிருந்துதான் 2× படத்தை 12 மெகாபிக்சலில் தருகிறது. இவற்றில் இழப்பு குறைவு. இடையில் உள்ள எண்கள் எல்லாம் வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டுக்குப் போய் நிதானமாகச் செய்யலாம், எடுக்கும்போதே செய்ய வேண்டியதில்லை.

ஒரு சூட்சுமம்: 3× அல்லது 5× அழுத்தினாலும் போன் எப்போதும் அந்த லென்ஸைப் பயன்படுத்தும் என்று நம்பாதீர்கள். வெளிச்சம் குறைந்தாலோ, பொருள் ரொம்பக் கிட்டே இருந்தாலோ சத்தமில்லாமல் 1× லென்ஸுக்குப் போய், வெட்டிப் பெரிதாக்கித் தந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பின்பக்கத்தில் ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடும்போது திரை இருட்டாகிறதோ அதுதான் வேலை செய்கிறது.

12. "நகையை எடுக்கக் கிட்டப் போனா படம் திடீர்னு குதிக்குது. ஓரமெல்லாம் மாறிடுது."

இதுவும் மேலே சொன்ன லென்ஸ் மாற்றம்தான், காரணம் வேறு. 1× லென்ஸால் ரொம்பக் கிட்டே இருப்பதைத் தெளிவாகப் பார்க்க முடியாது. அதனால் போன் அல்ட்ரா வைட்டுக்குத் தாவி, அதன் நடுவை வெட்டிக் காட்டுகிறது. இரண்டு லென்ஸும் பின்பக்கத்தில் வேறு வேறு இடத்தில் இருப்பதால் காட்சி நகர்ந்த மாதிரித் தெரிகிறது. ஐபோன் 13 ப்ரோவிலிருந்து மேக்ரோ (ரொம்பக் கிட்டே வைத்து எடுக்கும் வசதி) உள்ள ஐபோன்களில் அப்போது ஒரு சின்னப் பூப்படம் வரும். அதைத் தட்டினால் தாவுவது நிற்கும். பூப்படம் வரவில்லை என்றால் செட்டிங்ஸில் 'மேக்ரோ கன்ட்ரோல்' ஆனில் இருக்கிறதா பாருங்கள். சாம்சங்கில் இதற்கு 'ஃபோகஸ் என்ஹான்ஸர்' என்று பெயர்.

நகை, பலகாரம், பூ எல்லாவற்றுக்கும் என் யோசனை ஒன்றுதான்: ஒரு முழம் தள்ளி வந்து 2×.

13. "தஞ்சாவூர் பெரிய கோயில் போனோம். விமானம் பின்னாடி சாயிற மாதிரியே வருது."

போனை மேலே தூக்கிச் சாய்த்தால் கட்டடமும் சாயும். 216 அடி உயர விமானத்தின் அடியில் நின்று அண்ணாந்தால் இரண்டு பக்கக் கோடுகளும் உச்சியை நோக்கி இன்னும் குவியத்தான் செய்யும். அந்த விமானம் மேலே போகப் போகக் குறுகும்படியே கட்டியது என்பதால் இரட்டிப்பாகத் தெரியும்.

பின்னால் போங்கள். பெரிய கோயிலில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது, நந்தி மண்டபத்தையும் தாண்டிப் போகலாம். போனைச் சுவரில் மாட்டிய காலண்டர் போல நேராகப் பிடியுங்கள். உச்சி வரவில்லை என்றால் போனைச் சாய்க்காமல் 0.5×க்குப் போங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை வரும், அதை அப்புறம் வெட்டிவிடலாம். 9ஆம் கேள்வியில் திட்டிய அதே அல்ட்ரா வைட் இங்கே நல்லவன். ஒன்று கவனம், நுனி படத்தின் விளிம்பை ஒட்டி வந்தால் இழுபடும்.

சாய்த்துத்தான் எடுத்தாயிற்று என்றால், எடிட்டில் 'பெர்ஸ்பெக்டிவ்' என்று ஒன்று இருக்கும். ஐபோனின் போட்டோஸில் வெட்டும் கருவியோடு சேர்ந்தே வருகிறது. ஸ்னாப்சீட் செயலியிலும் உண்டு. கொஞ்சமாகத் தள்ளுங்கள். முழுக்க நேராக்கினால் விமானம் மண்டை பெருத்த பூதம் மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு படத்துக்குச் சட்டம் அடித்துக் கொடுத்திருக்கிறேன், வாடிக்கையாளர் விருப்பம்.

14. "மார்கழிக் கோலத்தை எடுத்தா ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசு. புள்ளி எண்ணி வச்சதுதான்!"

கோலத்தில் தப்பில்லை. கால் பக்கம் நின்று போனைச் சாய்த்து எடுப்பதால் கிட்டே உள்ள பாதி பெருக்கிறது. 13இல் சொன்ன அதே விஷயம், இங்கே தரையில் நடக்கிறது. போன் தரைக்கு இணையாக, கோலத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கிரிட்டும் லெவலும் ஆனில் இருந்தால் ஐபோனைத் தரையைப் பார்த்துக் கவிழ்க்கும்போது நடுவில் இரண்டு கூட்டல் குறிகள் தெரியும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் போன் சரியாகப் படுத்திருக்கிறது. சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே மாதிரி குறி உண்டு.

பெரிய கோலம் என்றால் கை எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறுவதைவிட மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து 2×இல் எடுப்பது நல்லது, விழவும் மாட்டீர்கள். ஒரு பக்கம் கொஞ்சம் சாயும், பெர்ஸ்பெக்டிவில் சரியாகிவிடும். கோலம் சதுரம் என்பதற்காக 1:1 வைக்க வேண்டாம், 4ஆம் பதில்தான் இங்கும். அப்புறம் உங்கள் கால் விரல். பத்துக்கு நாலு கோலப் படத்தில் கீழே கால் விரல் இருக்கிறது.

15. "செல்ஃபியில கடைப் பேரு திரும்பி வருது. பாட்டி வேற, புடவையே மாத்திக் கட்டியிருக்கேன்னு சொல்றாங்க."

பாட்டி கண் நல்ல கண். முன்பக்கக் கேமரா திரையில் கண்ணாடி மாதிரிதான் காட்டும். சில போன்கள் சேமிக்கும்போதும் அப்படியே வைத்துவிடும். எழுத்து திரும்பும், இடது தோளில் இருக்கும் முந்தானை வலது தோளுக்குப் போகும். ஐபோனில் 'மிரர் ஃபிரன்ட் கேமரா', சாம்சங்கில் 'சேவ் செல்ஃபீஸ் ஆஸ் ப்ரிவியூட்' இரண்டையும் ஆஃபில் வையுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றை எடிட்டில் 'ஃபிளிப்' என்பதை அழுத்தித் திருப்பலாம்.

16. "போட்டோவுல எல்லாரும் வர்றாங்க. வீடியோவுக்கு மாத்துனா எல்லாரும் கிட்ட வந்துடுறாங்க."

இரண்டு வெட்டு சேர்ந்து நடக்கிறது. வீடியோ பொதுவாக 16:9, அதில் ஒரு வெட்டு. கை ஆட்டத்தைச் சமன் செய்ய ஓரத்தில் கொஞ்சம் உபரி இடம் வேண்டும், போன் அதையும் ஒதுக்கிவைக்கிறது. 'சூப்பர் ஸ்டெடி', 'ஆக்‌ஷன் மோட்' போன்றவற்றை ஆன் செய்தால் இன்னும் அதிகமாக ஒதுக்கும். ஸ்டாண்டில் வைத்து எடுப்பதென்றால் அவற்றை ஆஃப் செய்யலாம். இல்லையென்றால் இரண்டு எட்டுப் பின்னால் போங்கள். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பே வீடியோ மோடில் வைத்துப் பார்த்து இடத்தைப் பிடியுங்கள். கெட்டிமேளம் கொட்டும்போது பின்னால் போக இடம் இருக்காது.

17. "செட் பண்ணி வச்சாலும் மறுபடி திறந்தா பழையபடி ஆயிடுது."

ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் 'ப்ரிசர்வ் செட்டிங்ஸ்', சாம்சங்கில் 'செட்டிங்ஸ் டு கீப்'. எவை நினைவில் இருக்க வேண்டுமோ அவற்றை மட்டும் ஆன் செய்யுங்கள். வீட்டில் குழந்தைகள் போனை எடுத்து விளையாடுவார்கள் என்றால் இதை ஆன் செய்யாமல் இருப்பதே மேல். அவர்கள் விட்டுப்போன ஃபில்டரில் அத்தையின் வளைகாப்பு முழுக்கக் கருப்பு வெள்ளையில் எடுத்துவந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

18. "போனை வேற ஆள்கிட்ட குடுத்தா எப்பவும் தப்பாத்தான் எடுக்கிறாங்க."

அவரைச் சொல்லிப் பயனில்லை. நீங்கள் முதலில் ஒரு படம் எடுத்துக்காட்டி, "இங்கேயே நின்னு, இதே மாதிரி" என்று சொல்லிக் கொடுங்கள். போனை நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றபடி கண் உயரத்தில் பிடித்துக் கீழே சாய்த்தால் எல்லோர் காலும் குட்டையாகும். வால்யூம் பட்டனை அழுத்தினாலும் படம் விழும் என்பதைச் சொல்லிவைத்தால் திரையைத் தொடும்போது வரும் ஆட்டமும் சாய்வும் குறையும். யாருமே இல்லை என்றால் போனை எதிலாவது சாய்த்துவைத்து 10 நொடி டைமர். சாம்சங்கில் உள்ளங்கையைக் காட்டினாலே எடுக்கும்படியும் வைக்கலாம்.

19. "போர்ட்ரெயிட் மோடுல எடுத்தேன், தலையில வச்ச பூவுல பாதி காணோம்."

அந்த மோடில் பின்னணி மங்குவது கணினிக் கணக்கு. முடியின் ஓரம், மல்லிகைச் சரம், ஜிமிக்கி எது முன்னால், எது பின்னால் என்று போன் ஊகிக்கிறது, சில சமயம் பூவைச் சுவரோடு சேர்த்துவிடுகிறது. பல போன்களில் எடுத்த பிறகும் மங்கலைக் குறைக்கலாம், அணைக்கலாம். அழிக்கும் முன் எடிட்டில் பாருங்கள். இந்த மோடுக்குப் போனதும் காட்சி கிட்டே வரவும் செய்யும், அதனால் 7இல் சொன்ன கட்டை விரல் இடத்தை மறுபடி சரிபாருங்கள். பின்னணி இயல்பாகவே மங்க வேண்டுமா? ஆளைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் வரச்சொல்லி 2× அல்லது 3×இல் எடுங்கள்.

20. "என் போன் 200 மெகாபிக்சல். எப்படியோ எடுத்துட்டு அப்புறமா வேணுங்கிறதை வெட்டிக்கிறேன். அது போதாதா?"

பாதி சரி. நல்ல பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்துக்கொண்டால் மேக்ஸிக்கு 1200க்கு 1800, அதாவது 2 மெகாபிக்சல் சொச்சம் போதும். 8க்கு 12 என்றால் 9 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே 12 மெகாபிக்சல் படத்தில் பாதியை வெட்டி எறிந்தாலும் மேக்ஸி அருமையாக வரும். 200 தேவையே இல்லை. அந்த மோடில் கோப்பு பெரிது, எடுப்பது மெது, வெளிச்சம் குறைந்தால் தரமும் இறங்கும்.

மீதிப் பாதிதான் சிக்கல். வெட்டினால் ஓரம் போகும், நீங்கள் நின்ற இடம் மாறாது. 10இல் பார்த்த மூக்கும், 13இல் பார்த்த சாய்வும் நின்ற இடத்தாலும் பிடித்த விதத்தாலும் வருபவை. எத்தனை கோடிப் புள்ளி இருந்தாலும் பெருத்த மூக்கு பெருத்ததாகவே, தெளிவாகத் தெரியும்.

21. "லேசா சாஞ்சிருச்சு. எடிட்ல நேராக்குனா ஓரம் போயிடுதே?"

படத்தைத் திருப்பினால் நாலு மூலையிலும் காலி முக்கோணம் வரும், அதை மறைக்க எடிட்டர் உள்ளே வெட்டும். 4:3 படத்தை 5 டிகிரி நேராக்கினாலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பலர் நினைப்பதைவிட அதிகம். லெவல் கோட்டை முதல் கேள்வியிலேயே வைத்தது இதனால்தான். பழைய படத்தில் ஓரம் நெருக்கமாக இருந்தால் முழுக்க நேராக்காமல் 2 டிகிரியோடு நிறுத்துங்கள், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

22. "தாத்தாவோட பழைய போட்டோ ஒண்ணுதான் இருக்கு. போன்ல எடுத்து அனுப்புறேன், பெருசு பண்ணித் தர முடியுமா?"

முடியும். முடிந்தால் படத்தையே கடைக்குக் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்வதற்கு ஈடில்லை. வர முடியாது என்றால் கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் இழுக்க வேண்டாம், அப்படியே விடுங்கள். ஜன்னல் பக்கம் மேசையில் படுக்கவைத்து, ஃபிளாஷை அணைத்து, கோலத்துக்குச் சொன்ன மாதிரி நேர் மேலிருந்து, 3:4இல், கொஞ்சம் உயரத் தூக்கி 2×இல் எடுங்கள். போனின் நிழல் விழாமல் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். படத்தின் நாலு மூலையும், சுற்றிலும் கொஞ்சம் மேசையும் தெரியட்டும். மூலை தெரிந்தால்தான் கோணலை எங்களால் நேராக்க முடியும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். ஸ்டுடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய வருஷமோ அங்கே இருக்கும், பின்னால் அட்டை ஒட்டிச் சட்டம் அடித்த பிறகு யாரும் பார்க்க முடியாது.